நல்லாத் தூங்குனீங்களா?

"குருடனுக்கு ராத்திரி என்ன, பகல் என்ன" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். சொன்னவர்கள் என் அக்காவோடு ஒரே வீட்டில் கொஞ்ச நாள் இருந்து பார்த்திருக்க வேண்டும். அவளுக்கும் ராத்திரி உண்டு, பகல் உண்டு. ஆனால் அவளுடைய ராத்திரி ஊரோடு சேர்ந்து வராது. இந்த வாரம் மத்தியானத்தில் வந்து ஆளைச் சாய்க்கும், அடுத்த வாரம் சாயங்காலம் வந்து உட்காரும். அதற்கு அவள் கொடுத்த விலையைத்தான் இங்கே சொல்கிறேன். நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது.

அக்கா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். நுழைந்ததும் இடது பக்கம், மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. விளக்கு வேண்டாதவளுக்கு ஜன்னல் எதற்கு என்று யாரோ மகராசன் யோசித்திருக்கிறான். மேசை முழுக்கப் பொத்தான்கள், காதில் மாட்டிக்கொள்ள ஹெட்போன், சக்கரம் வைத்த ஒரு நாற்காலி. நாற்காலியின் ஒரு கை உடைந்து, காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியாலேயே கட்டுப் போட்டிருப்பார்கள். அந்த நாற்காலிதான் அவளுக்கு எல்லாம். மற்ற இடங்களில் அவள் 'அந்தக் கண்ணு தெரியாத பொண்ணு'. அங்கே மட்டும் 'ஆபரேட்டர்'. பெரிய பெரிய டாக்டர்கள்கூட அவளைக் கேட்டுத்தான் வெளியே பேச முடியும்.

குரலை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "மூணாவது மாடி டாக்டரம்மாவுக்கு இன்னிக்கு வீட்ல சண்டைடி. எக்ஸ்டென்ஷன் நம்பரைக் கடிச்சுத் துப்புறாங்க" என்பாள். அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறுவாள். எங்கள் வீட்டுக்குச் செய்தித்தாள் வாங்கியதே இல்லை.

அவள் கண் போன கதையைச் சொல்லியாக வேண்டும். சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்து இரண்டு கண்ணிலும் பூ விழுந்தது. பார்வை போயிற்று. ஆனால் கண் இருந்தது, பால் ஊற்றின மாதிரி வெள்ளையாக. அந்த நாட்களில் அவள் தூக்கத்துக்கு ஒரு குறையும் கிடையாது. படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள். காலையில் வீட்டில் முதலில் எழுகிறவள் அவள்தான். எழுந்து சும்மா இருக்க மாட்டாள், என் போர்வையை உருவிக்கொண்டு போய்விடுவாள்.

கல்யாண வயதில் ஒரு வரன் வந்தது. பையனின் அம்மா உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, எழுந்திருக்கும்போது சொன்னாள்.

"பார்வை இல்லேன்னாக்கூடப் பரவாயில்லைங்க. ஆனா அந்த வெள்ளைக் கண்ணைப் பாக்கவே பயமா இருக்கே."

அப்பா பஸ் கண்டக்டர். ஊரையே வாயால் அடக்குகிறவர் அன்றைக்கு அவர்களை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். மறுவாரமே யாரையோ விசாரித்துக்கொண்டு வந்தார். அந்த இரண்டு கண்ணையும் எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கண் வைக்கலாமாம், அசல் மாதிரியே இருக்குமாம். "தெரியாத கண்ணை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போற? லட்சணமா வேற வெச்சுக்கலாம்" என்றார். அக்கா சரி என்றாள். அப்பா சொன்னால் எங்கள் வீட்டில் வேறென்ன சொல்ல முடியும்.

கண்ணாடிக் கண் அழகாகத்தான் இருந்தது. பழுப்பு நிறம், பளபளப்பு. பையன் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினோம். "ராத்திரியானா கழட்டி டம்ளர்ல போட்டு வெக்கணுமாமே" என்று கேட்டு அனுப்பிவிட்டு, வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். கண்ணும் போய், கல்யாணமும் போனதுதான் மிச்சம்.

அதற்கப்புறம்தான் தூக்கம் கெட்டது. கொஞ்ச நாள் நன்றாகத் தூங்குவாள். பிறகு படுத்துப் புரள ஆரம்பிப்பாள். அது ஏறி ஏறி, ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டும், பகலில் சோற்றில் கை வைத்தபடியே கண் சொருகிக்கொண்டும் கிடப்பாள். பிறகு தானாகவே சரியாகும். மறுபடி ஆரம்பிக்கும். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே வாயாக, "மாப்பிள்ளை கைவிட்டுப் போன ஏக்கம்" என்றார்கள்.

"ஏக்கமா? அந்த ஆளு கொட்டாவி விட்டுக்கிட்டே பேசினாண்டி. தப்பிச்சேன்னு இருக்கு எனக்கு" என்றாள் அக்கா. யார் காதிலும் அது விழவில்லை.

அம்மா வேறு ஒன்றைக் கண்டுபிடித்தாள். கிட்டத்தட்ட மாதத்துக்கு ஒரு முறை வருகிறதே, இது அமாவாசையின் வேலை என்றாள். இரண்டு மூன்று தடவை அமாவாசையை ஒட்டியே வந்தும் தொலைத்தது. அதற்கப்புறம் விலகி, ஒரு தடவை பௌர்ணமியிலேயே வந்து நின்றது. அம்மா அசரவில்லை. நிலா தப்பலாம், அம்மாவின் கணக்கு தப்பாது. இதை ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தியிடம் வேறு சொல்லி வைத்தாள். சொன்னது போதும். அங்கே அக்காவுக்குப் பெயரே 'அமாவாசை' ஆகிவிட்டது. "என்ன, அமாவாசை ஆரம்பிச்சாச்சா?" என்று போகிற வருகிறவர்கள் எல்லாம் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுப் போவார்கள். தமாஷாம்.

கெட்ட நாட்களில் அக்கா நாற்காலியிலேயே தூங்கிவிடுவாள். ஊசியால் குத்திக்கொண்டு பார்த்தாள். காரமாக எதையாவது வாயில் அடக்கிக்கொண்டு பார்த்தாள். தூக்கம் அதற்கெல்லாம் மசியவில்லை. புகார் ஒன்று வந்தது, பிறகு இன்னொன்று. சூப்பர்வைசர் கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி ஆள். மேலே இருப்பவர்கள் எங்கே அழுத்தினாலும் அங்கே பதிவார்.

"இன்னும் ஒரு புகார் வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. அந்த நாற்காலியில வேற ஆளைத்தான் உக்கார வைக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அதே ஆஸ்பத்திரியின் கடைசி மாடியில் தூக்க ஆராய்ச்சிக்கு ஆள் தேடினார்கள். கொஞ்சமும் பார்வை இல்லாதவர்கள் வேண்டுமாம். அக்காவும், எலும்புப் பிரிவில் மசாஜ் செய்கிற பார்வையில்லாத அண்ணன் ஒருவரும் போனார்கள். துணைக்கு நான் போனேன். நான் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். மாத்திரை என்றால் எனக்குக் கொஞ்சம் தெரியும் என்ற நினைப்பு வேறு.

மசாஜ் அண்ணனை உடனே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் நன்றாகத் தூங்குகிறாராம், அவர் உபயோகப்பட மாட்டாராம். ஆராய்ச்சி செய்கிற மாணவி ஒருத்தி, நல்ல பெண், பொறுமையாக விளக்கினாள்.

"தலைக்குள்ள ஒரு கடிகாரம் இருக்குக்கா. எப்பத் தூங்கணும், எப்ப எழுந்திரிக்கணும்னு அதுதான் சொல்லும். ஆனா அது கொஞ்சம் மெதுவா ஓடுற கடிகாரம். வெளிச்சம் கண்ணு வழியாப் போயி தினமும் அதைத் திருத்தி வைக்கும். அந்த அண்ணனுக்குப் பார்வை இல்ல. ஆனா அவர் கண்ணுக்கு விடிஞ்சது தெரியும். உங்களுக்கு அந்த வழியே இல்ல. அதான் உங்க நாள் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளிப் போயிட்டே இருக்கு. சுத்தி வந்து ஊரோட சேரும், மறுபடி விலகும்."

இருட்டினதும் மூளையில் மெலடோனின் என்று ஒன்று சுரக்குமாம். 'ராத்திரி ஆயிடுச்சு' என்று உடம்பு முழுக்கத் தண்டோரா போடுவது அதுதானாம். அக்காவின் உடம்பில் தண்டோராக்காரன் பட்டப்பகலில் வந்து தட்டுகிறான். அதையே மாத்திரையாகத் தினமும் ஒரே நேரத்தில் கொடுத்தால் கடிகாரம் பிடிபடுகிறதா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

மாணவி எழுதிக்கொண்டே, "கண்ணை ஏன் எடுத்தாங்க?" என்று கேட்டாள். அக்கா வரன் வந்த கதையைச் சொன்னாள், வழக்கம்போலத் தமாஷாக, டம்ளர் வரைக்கும். மாணவி சிரிக்கவில்லை. பக்கத்து மேசையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்த புரொபசர் தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார்.

"வெள்ளை விழுந்த கண்ணுன்னா உள்ள நல்லாத்தான் இருந்திருக்கும். அதை எடுக்காம விட்டிருந்தா அநேகமா இந்தப் பிரச்சினையே வந்திருக்காதும்மா."

மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். ஊர்க்காரர்கள் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டுமென்று, அவளிடம் மிச்சம் இருந்த ஒரே ஜன்னலையும் நாங்களே அடைத்திருக்கிறோம். அக்கா படி இறங்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாத. அப்பாவும் போயாச்சு. அம்மா அமாவாசை மேலயே பழியைப் போட்டுக்கட்டும்."

ஆராய்ச்சியில் அவளுக்குப் பெயர் கிடையாது. பதினொன்று என்று ஒரு எண். கையில் பட்டை மாதிரி ஒன்றைக் கட்டிவிட்டார்கள். அவள் எப்போது அசைகிறாள், எப்போது அசையாமல் கிடக்கிறாள் என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். சில நாட்கள் அங்கேயே வைத்துக்கொண்டு, சின்னக் குழாயில் எச்சிலைத் துப்பச் சொல்லிச் சொல்லி வாங்கினார்கள். "இத்தனை வருஷம் வாயில எச்சில் ஊற உக்காந்திருந்தும் ஒருத்தன் கேக்கல. இவங்க குழாய் வெச்சுக் கேக்கறாங்க" என்றாள் அக்கா.

முதலில் கொடுத்த மாத்திரை ஒன்றும் செய்யவில்லை. அது வெறும் மாவு என்று அப்புறம்தான் தெரிந்தது. இரண்டில் எது மாவு, எது மருந்து என்று கொடுக்கிறவர்களுக்கே அப்போது தெரியாதாம். அடுத்த டப்பாவைத் தொடங்கிச் சில வாரம் ஆனபிறகு, ஒரு நாள் காலையில் யாரோ என் போர்வையை உருவினார்கள். கண்ணைத் திறந்தால் அக்கா நிற்கிறாள், தலை வாரிப் பின்னலிட்டு, புடவை மடிப்பு கலையாமல். சின்ன வயதில் உருவினாளே, அதே மாதிரி. எனக்கு அழுகை வந்துவிட்டது. "போர்வைக்காடி அழுற?" என்று கேட்டாள்.

அதற்கப்புறம் வந்த மாதங்கள்தான் அவள் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். மத்தியானத்தில் ஒரு கொட்டாவிகூடக் கிடையாது. முதல் மணியிலேயே எடுப்பாள். அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சூப்பர்வைசர் மற்றவர்களிடம் சொன்னார். 'அமாவாசை' என்று கூப்பிடுவதும் குறைந்து நின்றது. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாவிட்டால் தமாஷும் ஓடாது.

மாணவி தினமும் போன் செய்து கேட்பாள், "நல்லாத் தூங்குனீங்களாக்கா?" மாடிக்குப் போகிற நாட்களில் புரொபசரும் அதையே கேட்பார். "நல்லாத் தூங்குனீங்களா?" என்பார், கடைசி 'ங்களா'வை இழுத்து. பதிலுக்கு நிற்க மாட்டார்.

இதில் ஒரு வேடிக்கை. புரொபசர் தினமும் போனை எடுத்து, "ஆபரேட்டர், வெளி லைன்" என்பார். நன்றி என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. அக்கா முதல் நாளே அவர் குரலைக் கண்டுபிடித்துவிட்டாள். அவருக்கு அக்காவின் குரல் கடைசிவரை பிடிபடவில்லை. மேலே போனால் பதினொன்று, கீழே வந்தால் ஆபரேட்டர். இரண்டும் ஒரே ஆள் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. நான் சொல்லச் சொன்னேன். "நான் என்ன பிச்சையா கேக்கறேன், போய்ச் சொல்லிக்கிட்டு நிக்க?" என்று மறுத்துவிட்டாள்.

பிறகு ஒரு நாள் டப்பாவைத் திருப்பிக் கேட்டார்கள். மாத்திரை நின்றால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டுமாம், அதுவும் ஆராய்ச்சிதானாம். கையில் பட்டை மட்டும் இருக்கட்டும் என்றார்கள். அக்கா டப்பாவை எடுத்து மாணவியிடம் நீட்டினாளாம்.

அந்த மெலடோனின் மாத்திரை கிடைக்குமா என்று நான் வேலை பார்க்கிற கடையில் முதலாளியைக் கேட்டேன். "அதை இங்க விக்கிறதுக்கு இன்னும் அனுமதி வரலம்மா. தனியா எழுதிக் கேட்டு, மேல இருந்து உத்தரவு வந்தாத்தான்" என்றார். டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். அது ஆளைத் தூங்க வைத்தது, கடிகாரத்தைத் தொடவில்லை. அக்கா ராத்திரி மாத்திரையால் மயங்கி, பகலில் தன் கடிகாரத்தால் மயங்கினாள். அதையும் நிறுத்தினோம். மாணவி அக்காவுக்காக உத்தரவு கேட்டு எழுதினாள். அதில் புரொபசரின் கையெழுத்து வேண்டும். புரொபசர் எங்கோ பேசப் போயிருந்தார். வந்தார், மறுபடி போனார். இதற்கிடையில் மாணவியும் மேல்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டாள்.

போவதற்கு முன்னால் எங்களை ஆஸ்பத்திரி அரங்கத்தில் நடந்த ஒரு கூட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தாள். அக்காவுக்கு டியூட்டி. நான் போனேன். புரொபசர் பேச எழுந்ததும் முதல் வாக்கியமே, "குருடனுக்கு ராத்திரி என்ன, பகல் என்னன்னு ஒரு பழமொழி உண்டு" என்பதுதான். சபை சிரித்தது. பழமொழி தப்பு என்று நிரூபிக்கப் போகிறேன் என்றார். சபை கைதட்டியது.

திரையில் ஒரு படம் போட்டார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி, தூங்கின நேரமெல்லாம் கறுப்புக் கட்டை. மேலே இருந்து கட்டைகள் சரிந்துகொண்டே வந்தன, மாடிப்படி மாதிரி. நடுவில் கொத்தனார் தூக்குக் குண்டு விட்ட மாதிரி நேராக நின்றன. அதற்குக் கீழே மறுபடி சரிய ஆரம்பித்தன. மேலே 'பதினொன்று' என்று போட்டிருந்தது.

"இங்க பாருங்க. மாத்திரையை நிறுத்தினதும் எவ்வளவு அழகா மறுபடி சாயுது. இதைவிட நல்ல நிரூபணம் கிடையாது" என்றார் புரொபசர்.

அழகாம். அந்தச் சரிவில் ஒவ்வொரு கட்டையும் எனக்குத் தெரியும். ஒன்றில் அவள் குளியலறையில் பக்கெட்டில் தலை சாய்த்துத் தூங்கினாள். இன்னொன்றில் பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடம் தாண்டி, யாருமில்லாத டிப்போவில் கோலைத் தட்டிக்கொண்டு நின்றாள். அவள் நன்றாக இருந்தது பாதி நிரூபணம்தான். அவள் மறுபடி கெட்டுப்போனதும்தான் அது முழுசாயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள். என் கை மடியிலேயே கிடந்தது.

அந்த ஆராய்ச்சிக்கு ஏதோ பரிசு என்று வெளிநாட்டிலிருந்து செய்தி வந்தது. திருப்பிப் பேச வேண்டுமென்று புரொபசர் மத்தியானம் போனை எடுத்திருக்கிறார். ஆபரேட்டர் எடுக்கவில்லை. மறுபடி எடுத்தார், மறுபடி. அன்றைக்குக் கட்டை மத்தியானத்தில்தான் வந்து நின்றிருந்தது. பதினொன்றின் படத்தை அவரே எடுத்து வைத்துப் பார்த்திருந்தால், இந்த நேரத்தில் அவள் எடுக்க மாட்டாள் என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

புகார் எழுதினார். சூப்பர்வைசர் அக்காவைக் கூப்பிட்டார். வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டுமென்றதால் நானும் போனேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "ஆபரேட்டர் பணி நேரத்தில் உறங்குகிறார். இது பொறுப்பின்மை. தக்க நடவடிக்கை தேவை."

"யாரு சார் எழுதினது?" என்று கேட்டாள் அக்கா.

அவர் சொன்னார். அக்கா சிரித்துவிட்டாள்.

"அப்ப சரியாத்தான் சார் இருக்கும். தூக்கத்தைப் பத்தி அவருக்குத் தெரியாததா."

நான் சும்மா இருக்கவில்லை. அந்த மேசையில் இருந்த கண்ணாடி அதிரக் கத்தினேன். எச்சில் குழாயிலிருந்து ஒன்று விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். சூப்பர்வைசருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் ஸ்டாம்ப் ஸ்டாம்ப்தானே. "இது மூணாவது புகார்ம்மா. எழுதினவர் யாரு பாருங்க. நான் எப்படிக் கிழிச்சுப் போட முடியும்?" என்றார். மாடிக்குப் போய் அந்த மனிதரின் முகத்துக்கு நேரே கேட்கிறேன் என்று கிளம்பினேன். அக்கா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ போகாத. அவர் எப்படியும் என்கிட்ட பேசித்தானே ஆகணும்."

பேசினார். அவள் நாற்காலியில் உட்கார்ந்த கடைசி நாள் அது. அன்றைக்கு அவளுக்குத் தூக்கமே வரவில்லையாம். கட்டை நகர்ந்து போயிருந்தது. போன் அடித்தது.

"ஆபரேட்டர், வெளி லைன்."

அக்கா அவரைப் போலவே இழுத்துக் கேட்டாள், "நல்லாத் தூங்குனீங்களா?"

"யாரு பேசறது?"

"பதினொண்ணு, சார்."

ரொம்ப நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டதாம். ஆளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அந்த மூச்சிலேயே தெரிந்ததாம். ஏதாவது சொல்வார் என்று அக்கா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாளாம். இதை என்னிடம் சொல்லும்போதுதான், அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது.

"வெளி லைன் குடும்மா" என்றார் அவர்.

கொடுத்தாள்.

அவர் மனசு உறுத்தியிருக்க வேண்டும். பல மாதமாகக் கிடந்த காகிதத்தில் அந்த வாரமே கையெழுத்து விழுந்தது. உத்தரவு வந்து, மாத்திரையும் வந்தது. நாற்காலியைப் பற்றி அந்த உத்தரவில் ஒரு வரி இல்லை. அங்கே இப்போது வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள்.

இப்போது அக்கா ஊரோடு சேர்ந்து தூங்கி, ஊரோடு சேர்ந்து எழுகிறாள். வீட்டில் முதலில் எழுகிறவள் அவள்தான். தலை வாரி, பின்னலிட்டு, புடவை கட்டிக்கொண்டு, வீட்டிலிருக்கிற போனுக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். என் போர்வையை உருவுவதில்லை. நான் கடைக்குக் கிளம்பும்போதும் உட்கார்ந்திருக்கிறாள், திரும்பி வரும்போதும் உட்கார்ந்திருக்கிறாள்.

அம்மாவுக்கு மட்டும் சந்தோஷம். போன வாரம் அக்காவின் தலையைத் தடவிக்கொண்டே, "பாத்தியாடி, அமாவாசை உன்னை விட்டுப் போச்சு. ஒருவழியா உனக்கு விடிஞ்சுது" என்றாள்.

"ஆமாம்மா, விடிஞ்சுது" என்றாள் அக்கா.